மீன் இனங்களின் பட்டியல் நீண்டால் கடல் பிழைத்ததாகுமா?

மன்னார் வளைகுடாவைப் பற்றி எதைப் படித்தாலும் தொடக்கத்திலேயே ஒரு எண் வந்துவிடும். முன்பு அது 3,600. இத்தனை வகை உயிரினங்கள் இங்கே வாழ்கின்றன என்று அறிக்கைகளும் செய்திகளும் பல ஆண்டுகள் எழுதிவந்தன. பிறகு கணக்கு திருத்தப்பட்டு 4,223 ஆனது. அதில் மீன்கள் மட்டுமே 1,100 இனங்களுக்கு மேல். எண்ணை மட்டும் பார்த்தால் இந்தக் கடல் நாளுக்கு நாள் செழித்துக்கொண்டே போவதாகத் தோன்றும். ஆனால் இதே கடலில்தான் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. காரைச்சல்லி தேய்ந்து தேய்ந்து மணல் திட்டாகிக்கொண்டிருக்கிறது. 2010-லும் 2016-லும் பவளப்பாறைகள் வெப்பத்தில் வெளுத்துப்போயின.

அப்படியானால் எண் எப்படிக் கூடியது? ஆய்வாளர்கள் கூடுதலாகத் தேடினார்கள், பழைய பதிவுகளைத் தொகுத்தார்கள், புதிய பெயர்களைச் சேர்த்தார்கள். நல்ல வேலைதான், தேவையான வேலைதான். ஆனால் அது வருகைப் பதிவேடு அல்ல, பிறப்புப் பதிவேடு. ஒருமுறை பெயர் ஏறிவிட்டால், அந்த மீன் இன்று இருக்கிறதா, பத்து இருந்த இடத்தில் ஒன்றாகிவிட்டதா என்று அந்தப் பட்டியல் சொல்லாது. இறப்பைப் பதிய அதில் இடமே இல்லை.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிய கடல், மொத்தம் 560 சதுர கிலோமீட்டர். அதைச் சூழ்ந்து 10,500 சதுர கிலோமீட்டருக்கு உயிர்க்கோளக் காப்பகம், 1989 முதல். நாற்பது ஆண்டுகளை நெருங்கும் ஒரு பூங்கா மீன் வளத்தை எவ்வளவு காத்தது என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்பதே பாதி வேலை என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது. எத்தனை இனம் இருக்கிறது என்பதல்ல கேள்வி. பூங்கா இல்லாமலிருந்தால் இந்த இடம் இன்று எப்படி இருந்திருக்கும் என்பதே கேள்வி.

இல்லாத ஒன்றோடு ஒப்பிடச் சொன்னால் எப்படி ஒப்பிடுவது? பெரும்பாலான ஆய்வுகள் சுலபமான வழியை எடுக்கின்றன. எல்லைக்கு உள்ளே எண்ணு, வெளியே எண்ணு, வித்தியாசம்தான் பூங்காவின் பலன். இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பூங்காவாக அறிவிக்கும்போதே செழிப்பாக இருந்த பாரைத்தான் (கடலடிப் பாறைத் திட்டைத்தான்) தேர்ந்தெடுத்திருப்பார்கள். உள்ளே மீன் கூடுதலாக இருப்பது பாதுகாப்பால் வந்ததா, முன்பே அப்படித்தான் இருந்ததா என்று தெரியாது. நேர்மாறாகவும் நடக்கும். யாரும் மீன்பிடிக்கப் போகாத, எதிர்ப்பு வராத கடலைப் பார்த்து வேலி போட்டுவிட்டு, அங்கே மீன் குறையவில்லை என்று கொண்டாடுவது. வேலி இல்லாவிட்டாலும் அங்கே குறைந்திருக்காது.

இதைவிட மேலான வழி, அறிவிப்புக்கு முன்பும் பின்பும், உள்ளேயும் வெளியேயும் என நான்கு பக்கமும் அளப்பது. வெளியே இருபது விழுக்காடு குறைந்து உள்ளே ஐந்து விழுக்காடு மட்டும் குறைந்திருந்தால், அந்தப் பூங்கா வேலை செய்திருக்கிறது. உள்ளே மட்டும் பார்ப்பவருக்கு அது தோல்வியாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், முன்பு எப்படி இருந்தது என்ற கணக்கு பல இடங்களில் கிடையாது. பூங்கா அறிவித்து, அலுவலகம் கட்டி, நிதி வந்து, அப்புறம்தான் யாரோ முதல்முறையாக மீன் எண்ண இறங்குகிறார்கள்.

பாதுகாப்பின் பலனைத் தெளிவாகக் காட்டிய சம்பவங்களில் ஒன்று, பாதுகாப்பு உடைந்துபோனதால் கிடைத்தது. பிலிப்பைன்ஸில் செபு தீவை ஒட்டி சுமிலோன் என்ற சின்னத் தீவு. சிலிமான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஞ்செல் அல்காலாவின் முயற்சியால் 1974-ல் அதன் பவளப்பாறையில் ஏறக்குறைய கால் பங்கை மூடினார்கள். மீதி முக்கால் பங்கில் மக்கள் வழக்கம்போல் மீன் பிடித்தார்கள். பத்து ஆண்டுகள் இப்படி ஓடின. 1984-ல் உள்ளூர் அரசியல் மாறியதும் தடை சரிந்தது. மூடிய பகுதிக்குள்ளும் வலைகள் புகுந்தன.

இப்போது மீனவர்களுக்குக் கடல் கூடியிருக்கிறது, முக்கால் பங்காக இருந்தது முழுப் பங்காகிவிட்டது. மீனும் கூடியிருக்க வேண்டும் அல்லவா? அல்காலாவும் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கேரி ரஸ்ஸும் கணக்கெடுத்தபோது, ஒன்றரை ஆண்டுக்குள் மொத்தப் பிடிபாடு ஏறக்குறைய பாதியாகிவிட்டிருந்தது. மூடிக்கிடந்த அந்தக் கால் பங்குதான் மீதிக்கு மீன் அனுப்பிக்கொண்டிருந்தது என்பது அது போன பிறகே தெரிந்தது. பூங்கா இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடைப்பது அரிது. யாரும் விரும்பி இப்படி ஒரு சோதனை செய்ய மாட்டார்கள் என்பதும் உண்மை.

சரி, எதை அளப்பது? 2009-ல் உலகெங்கும் 124 காப்புக் கடல்களின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மீன்பிடி முற்றிலும் தடைசெய்யப்பட்ட இடங்கள் அவை. உயிரினங்களின் மொத்த எடை சராசரியாக 446 விழுக்காடு கூடியிருந்தது. எண்ணிக்கையின் அடர்த்தி 166 விழுக்காடு, உடல் அளவு 28 விழுக்காடு. இனங்களின் எண்ணிக்கை? 21 விழுக்காடுதான். நான்கு அளவுகோல்களில் இனக் கணக்குதான் மிகக் குறைவாக அசைந்திருக்கிறது. நாம் முதலில் கேட்பதும் பலகையில் எழுதுவதும் அதைத்தான்.

ஏன் அப்படி? மீன்பிடிப்பால் ஓர் இனம் ஓரிடத்திலிருந்து முழுதாக ஒழிவது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே பெரிய மீன்கள் போய்விடும், பிறகு நடுத்தரம், பிறகு எண்ணிக்கை. பெயர் மட்டும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பாரில் இருபது இனங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஓரளவு சமமாக இருந்தால் அது ஒரு கடல். தொண்ணூறு விழுக்காடு காரல் என்ற சின்ன மீனாக இருந்து, களவாவும் விளமீனும் செப்பிலியும் கிளிமீனும் ஆளுக்கு ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால் அது வேறு கடல். இரண்டிலும் இனம் இருபதுதான்.

களவாவையே எடுத்துக்கொள்ளலாம். களவா இனங்களில் பெரும்பாலானவை பெண்ணாக வாழ்க்கையைத் தொடங்கி, வளர்ந்த பிறகு சில ஆணாக மாறுகின்றன. பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டே போனால் ஆண்களே அருகிப்போகும். பட்டியலில் களவா இருக்கும், மீன் பிடிக்க வைக்கும் கூட்டிலும் அவ்வப்போது விழும், ஆனால் அடுத்த தலைமுறைக்கான கணக்கு ஏற்கெனவே பிசகியிருக்கும். இந்த மீனைப் பொறுத்தவரை இருக்கிறதா என்ற கேள்வியைவிட எவ்வளவு நீளம் என்ற கேள்வி ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

இன எண்ணிக்கையில் இன்னொரு மயக்கமும் உண்டு. மீன் ஏலக்கூடத்தில் ஐம்பது மீன் உள்ள கூடையையும் ஐந்நூறு மீன் உள்ள கூடையையும் கொட்டிப் பாருங்கள். பெரிய கூடையில் வகைகள் கூடுதலாக இருக்கும், இரண்டும் ஒரே கடலிலிருந்து வந்திருந்தாலும். பூங்காவுக்குள் மீன் அடர்த்தி கூடினாலே எண்ணுபவர் கண்ணில் அதிக இனங்கள் படும். ஆகவே சம எண்ணிக்கையிலான மீன்களுக்கு எத்தனை இனம் என்று திருத்திக் கணக்கிட வேண்டும். இதைச் செய்யாத ஒப்பீட்டை நான் நம்புவதில்லை. அதேபோல், பாதுகாப்பு நன்றாக நடக்கும் இடத்தில் சில இனங்கள் குறையவும் செய்யும். வேட்டையாடும் பெரிய மீன்கள் திரும்பி வந்தால் அவற்றுக்கு இரையாகும் சின்ன மீன்கள் குறைவது இயல்பு. அது கடல் தன் ஒழுங்குக்குத் திரும்புவதன் அடையாளம்.

எண்ணும் முறையிலும் கவனம் வேண்டும். பவளப்பாறை மீன்களை எண்ணப் பரவலாகக் கையாளும் முறை எளிமையானது. ஐம்பது மீட்டர் நாடாவைப் பாறை மீது விரித்து, மூழ்காளர் அதன் ஓரமாக நீந்திக்கொண்டே கண்ணில் படும் மீன்களை இனவாரியாகவும் நீளவாரியாகவும் நீருக்கடியில் எழுதும் பலகையில் குறிப்பார். ஈட்டித் துப்பாக்கியால் வேட்டையாடும் இடங்களில் மனிதனைக் கண்டதும் மீன் ஓடி ஒளியும். பாதுகாக்கப்பட்ட இடத்தில் அதே இனம் பக்கத்தில் வந்து வேடிக்கை பார்க்கும். இதனால் மட்டுமே உள்ளே மீன் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் தெரிய வாய்ப்புண்டு. மன்னார் வளைகுடா போன்ற கலங்கல் கடலில் இன்னொரு தொல்லை, சில மாதங்களில் நான்கைந்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. அதனால் இப்போது இரை கட்டிய கேமராவை இறக்கி வைத்துவிட்டுப் படம் பிடிக்கிறார்கள். தண்ணீரை மொண்டு அதில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளை வைத்து எந்தெந்த இனங்கள் அங்கே நடமாடின என்றும் கண்டுபிடிக்கிறார்கள். மரபணு முறை இனங்களைச் சொல்லும், நீளத்தைச் சொல்லாது. ஆக, நாடாவையும் தூக்கிப் போட முடியாது.

எந்தப் பூங்கா பலன் தருகிறது, எது தருவதில்லை என்று உலகளவில் பார்த்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த கிரஹாம் எட்கரும் சகாக்களும் 2014-ல் வெளியிட்டது. 40 நாடுகளில் 87 பாதுகாக்கப்பட்ட கடல் பகுதிகள். அறிவியலாளர்களோடு பயிற்சி பெற்ற தன்னார்வ மூழ்காளர்களும் ஒரே முறையில் எண்ணினார்கள். அதில் ஐந்து குணங்கள் தனித்து நின்றன. மீன்பிடி முழுத் தடை, உண்மையான கண்காணிப்பு, பத்து ஆண்டுக்கு மேல் வயது, நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, சுற்றிலும் ஆழ்கடலோ மணற்பரப்போ இருந்து தனித்திருத்தல். இவற்றில் ஒன்றோ இரண்டோ மட்டும் உள்ள இடங்கள் 59 விழுக்காடு. அவற்றுக்கும் வழக்கமாக மீன்பிடிக்கும் கடலுக்கும் வித்தியாசமே காண முடியவில்லை. நான்கு, ஐந்து குணங்கள் சேர்ந்த இடங்களில் பெரிய மீன் இனங்கள் இரண்டு மடங்கு, பெரிய மீன்களின் மொத்த எடை ஐந்து மடங்கு, சுறாக்களின் எடை பதினான்கு மடங்கு.

இந்த ஐந்தையும் மன்னார் வளைகுடாவுக்குப் பொருத்திப் பார்ப்போம். வயது, பரப்பு இரண்டுக்கும் முழு மதிப்பெண். சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் மீன்பிடிக்கக் கூடாது, அதனால் தாளில் தடையும் உண்டு. தனித்திருத்தல் இல்லவே இல்லை. தீவுகள் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஆழமில்லாத கடலில், வரிசையாகக் கிடக்கின்றன. மீனவக் கிராமத்திலிருந்து வள்ளத்தில் போய் வந்துவிடலாம், தலைமுறைகளாகப் போய் வந்துகொண்டும் இருந்தார்கள். மிஞ்சுவது கண்காணிப்பு. ஆக மற்றவற்றில் மாற்ற ஒன்றுமில்லை, இந்தப் பூங்காவின் விதி அந்த ஒன்றில்தான் தொங்குகிறது.

கண்காணிப்பு என்றதும் ரோந்துப் படகும் அபராதமும்தான் நினைவுக்கு வரும். அது தேவைதான். 2017-ல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வு 218 பகுதிகளின் மீன் கணக்கை ஆராய்ந்தது. போதுமான பணியாளர்கள் உள்ள இடங்களில் பலன் மற்ற இடங்களைப்போல் 2.9 மடங்கு. ஆனால் நிர்வாகம் பற்றிய தகவல் கிடைத்த இடங்களில் 65 விழுக்காடு அடிப்படைச் செலவுக்கே பணம் போதவில்லை என்றன. ஐரோப்பாவின் நிலையோ வேதனையானது. அங்கே 727 பாதுகாக்கப்பட்ட கடல் பகுதிகளில் 59 விழுக்காட்டில் இழுவைமடி, அதாவது படகு கட்டி இழுக்கும் பெரிய வலை, ஓடிக்கொண்டிருப்பதை 2018-ல் கணக்கிட்டார்கள். பூங்காவுக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே இழுவை 1.4 மடங்கு அதிகம். மடி அதிகம் ஓடும் இடங்களில் சுறாவும் திருக்கையும் அருகிப்போயிருந்தன. 2030-க்குள் கடலில் 30 விழுக்காட்டைப் பாதுகாப்போம் என்று 2022-ல் உலக நாடுகள் கூடி முடிவெடுத்திருக்கின்றன. சதுர கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் அந்த ஐரோப்பியப் பூங்காக்களும் அந்த முப்பதில் சேரும்.

படகும் அபராதமும் இல்லாமலும் கண்காணிப்பு நடக்கும் என்பதற்கு மெக்சிகோவின் காபோ புல்மோ சாட்சி. கலிபோர்னியா வளைகுடாவின் வாயில் உள்ள சின்ன மீனவக் கிராமம். மீன் அற்றுப்போனதைக் கண்ணால் கண்ட குடும்பங்களே முன்னின்று கேட்டதால் 1995-ல் 71 சதுர கிலோமீட்டர் பூங்காவானது. சட்டப்படி அதில் 35 விழுக்காட்டில்தான் தடை. கிராமத்தார் முழுப் பூங்காவிலும் வலை வீசுவதை நிறுத்தினார்கள். 1999-க்கும் 2009-க்கும் இடையில் மீன்களின் மொத்த எடை 463 விழுக்காடு கூடியது. அதே வளைகுடாவில் இருந்த மற்றப் பூங்காக்களில் அதே பத்தாண்டில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. இந்தக் கடைசி வரிதான் ஆய்வுக்கு உயிர். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால், நல்ல பருவமழையோ நீரோட்டமோ காரணமாக இருக்கலாம் என்று யாரும் சொல்லிவிடலாம்.

நம் பக்கம் இதற்கு ஒரு சொந்தக் கதை உண்டு. ராமநாதபுரம் கடற்கரையில் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு, பூங்கா எல்லை ஒரு நாள் வந்து வாசலை அடைத்ததுபோல ஆகிவிட்டது. பிடிபட்டால் வழக்கு, பறிமுதல். அவர்களே பிறகு கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசிக்குப் போவது என்று கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு 2015-ல் தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது கிடைத்தது. இந்தப் பெண்கள் ஒவ்வொரு பாரையும் கையால் தடவி அறிந்தவர்கள். எந்தப் பாரில் பவளம் செத்தது, எங்கே ஓரா மீன் மேய வருவதில்லை என்பது எந்த ஆய்வுக் குழுவுக்கும் முன்பே அவர்களுக்குத் தெரியும். பூங்காவின் கணக்கெடுப்பில் அவர்களை எண்ணுபவர்களாகச் சேர்க்காமல், தடுக்க வேண்டியவர்களாக மட்டும் பார்த்தது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

வேலியால் தடுக்க முடியாதவையும் இருக்கின்றன. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்ற அயல் கடற்பாசி குருசடைத் தீவின் பவளங்களை மூடிப் படர்ந்தது. வெப்பம் இன்னும் மோசம். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பில், வளைகுடாவின் உயிருள்ள பவளப் பரப்பு 2016 வெளிறலுக்கு முன் 38.9 விழுக்காடு, பின் 22.7 விழுக்காடு. பவளக் கிளைகளில் ஒளிந்து வாழும் மீன்களும் பவளத்தையே கொறித்துத் தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்களும் அதோடு குறையும். வனத்துறை ஒரு வலையைக்கூட உள்ளே விடாமல் காத்திருந்தாலும் இது நடக்கும். சீஷெல்ஸ் தீவுகளில் 1998 வெளிறலில் பவளம் பெரும்பகுதி அழிந்த பிறகு, மீன்பிடி தடுக்கப்பட்ட இடங்களிலும் மீன்களின் கலவையே மாறிப்போயிற்று. இத்தகைய ஆண்டுகளில் பூங்காவுக்குள் மட்டும் எண்ணினால், வெப்பம் செய்த பாவம் பூங்காவின் தலையில் விழும்.

காலமும் பொறுமையாகப் பார்க்க வேண்டிய ஒன்று. சுமிலோனிலும் பக்கத்து ஆப்போ தீவிலும் வேட்டை மீன்கள் எந்த வேகத்தில் கூடுகின்றன என்று இருபது ஆண்டுகளுக்குப் பக்கமாகப் பார்த்துவிட்டு, முழுதாக மீள 15 முதல் 40 ஆண்டு வரை ஆகலாம் என்று ரஸ்ஸும் அல்காலாவும் கணக்கிட்டார்கள். மூன்றாண்டுத் திட்டம், இறுதியில் ஓர் அறிக்கை என்று போகும் நம் ஆய்வு நிதி முறை இதற்குக் கொஞ்சமும் பொருந்தாது. வேண்டியது எளிய ஏற்பாடு. அதே இடம், அதே மாதம், அதே முறை, வருடம் தவறாமல். உள்ளே பத்துப் பார், அதே ஆழத்தில் வெளியே பத்துப் பார். இறங்குதளங்களில் கூட்டில் விழும் களவா, விளமீன், ஓராவின் நீளம்.

முன்பு எப்படி இருந்தது என்ற கணக்குக்கு எங்கே போவது? குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-லேயே ஒரு தொகுப்பு வெளியிட்டது. இந்தியாவில் இவ்வளவு பழைய பதிவு வாய்த்த தீவுகள் குறைவு. ஆனால் அந்தக் காலத் தொகுப்புகள் எவை இருந்தன என்று சொல்வதற்காக எழுதப்பட்டவை, எவ்வளவு இருந்தன என்று சொல்வதற்காக அல்ல.

எவ்வளவு என்பது நினைவில்தான் இருக்கிறது. காபோ புல்மோ இருக்கும் அதே கலிபோர்னியா வளைகுடாவில் மூன்று தலைமுறை மீனவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒருகாலத்தில் நிறைய இருந்து இப்போது அருகிப்போன மீன்கள் எவை என்று கேட்டபோது, இளையவர்கள் சொன்னதைப்போல் ஐந்து மடங்கு இனங்களை முதியவர்கள் சொன்னார்கள். இளைஞர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கடலுக்குப் போகத் தொடங்கியபோதே அந்த மீன்கள் அங்கே இல்லை. பாம்பனிலும் கீழக்கரையிலும் வேம்பாரிலும் பூங்கா அறிவிப்பதற்கு முன்பே தீவுப் பக்கம் கூடு வைத்தவர்கள், சங்கு குளித்தவர்கள் எழுபது வயதைத் தாண்டி, இன்னும் கரையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருக்கிறார்கள்.